வாவியும் கடலும்: சின்ன மிரர்லெஸ் கெமராவோடு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம்

மட்டக்களப்பில் படம் எடுக்கப் புறப்படுகிறவர் எந்த லென்ஸ் என்று யோசிக்குமுன் சூரியன் எந்தப் பக்கம் நிற்கும் என்று யோசிக்க வேண்டும். இங்கே கடல் கிழக்கில், வாவி மேற்கில். நடுவே கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று நீளும் ஒடுங்கிய மணல்நிலம். விடிய கடலைப் பார்த்து எடுத்தால் தோணியும் ஆளும் கருநிழலாக விழும். அதே கடலைப் பின்னேரம் 3 மணிக்குப் பிறகு எடுத்தால் வெயில் உங்கள் முதுகில் இருக்கும், அலையின் பச்சை அப்படியே கிடைக்கும். வாவி இதற்கு நேரெதிர்: கல்லடிப் பக்கக் கரையில் நின்றால் காலையில் எதிர்க்கரை வெளிச்சமாகத் தெரியும், மாலையில் சூரியன் தண்ணீருக்கு மேலேயே இறங்கும். பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில் அலைச்சறுக்கு எடுப்பவர்கள் காலையில் எடுத்த படமெல்லாம் கறுப்பு என்று குறைப்படுவதும் இதனால்தான்.

அகலாங்கு 7 பாகை அளவில்தான் என்பதால் சூரியன் சாய்ந்து அல்ல, ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கும். பொன்வெயில் அரை மணித்தியாலம்தான். மறைந்த பின் நீலவெளிச்சம் 20 நிமிடம் நின்றால் பெரிது. வருடம் முழுக்கச் சூரியன் மறைவது ஏறத்தாழ 5.40க்கும் 6.30க்கும் இடையில். நினைத்த இடத்தில் 40 நிமிடம் முந்தியே போய் நில்லுங்கள்.

லென்ஸ் விஷயத்தில் ஒரே அறிவுரை: ஒரு நாளுக்கு இரண்டுக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். படம் பதியும் சென்சர் ஏபிஎஸ்-சி அளவில் உள்ள கெமராவென்றால் அதனோடு வரும் 16-50 மிமீ மடிப்பு லென்ஸ், 55-210 போன்ற ஒரு தொலைலென்ஸ், 27 அல்லது 35 மிமீ நிலைலென்ஸ் (ஸூம் இல்லாதது) ஒன்று. இந்த மூன்றில் இரண்டு. அதைவிடச் சின்னச் சென்சரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 14-42, 40-150, 20 அல்லது 25. பொத்துவில் பக்கம் போனால் தொலைலென்ஸ் கட்டாயம். சந்தை, கோயில் வீதி, கோட்டைச் சுவர் என்றால் அது பாரம் மட்டுமே, நிலைலென்ஸ் போதும். 35ஐவிட 27ஐத்தான் நாங்கள் சொல்வோம்: ஏபிஎஸ்-சியில் 35 மிமீ என்பது பழைய படச்சுருள் கெமராவின் 52 மிமீ போல ஒடுக்கமாகப் பார்க்கும், மீன் சந்தையின் நெருக்கத்தில் பின்னால் போக இடம் இருக்காது.

அமைப்பைப் புறப்படுமுன்பே போட்டுவிடுங்கள். அபெர்ச்சர் முறை (லென்ஸின் துவாரத்தை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கெமரா பார்த்துக்கொள்ளும்), எஃப்5.6 முதல் எஃப்8 வரை. தானியங்கி ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 முதல் 6400 வரை, குறைந்தபட்ச ஷட்டர் 1/250 செக்கன். துவாரத்தை எஃப்16க்குச் சுருக்கினால் எல்லாம் கூர்மையாகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இந்தச் சென்சர்களில் அங்கே ஒளி விலகிப் பரவிப் படம் மங்கத்தான் செய்யும்; போதாததற்குச் சென்சரில் ஒட்டிய தூசெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெயிலில் பின்திரையை நம்பாதீர்கள், கண்வைக்கும் திரையில் பார்த்து எடுங்கள்.

வெளிச்சத்தைக் கெமரா எப்படித் தப்பாகக் கணிக்கிறது என்று பழக இங்கே இரண்டு நல்ல வாத்தியார்கள் உண்டு: தயிர்ச்சட்டியும் எருமையும். கெமரா எதைப் பார்த்தாலும் அதைச் சாம்பல் நடுநிறமாக்கப் பார்க்கும். சட்டி நிறைந்த வெள்ளைத் தயிரைக் காட்டினால் படத்தை இருட்டாக்கிவிடும், கெமராவின் வெளிச்சத் திருத்தத்தில் (+/−) +1 கூட்டுங்கள். வயல்கரையில் நிற்கும் கறுத்த எருமையைக் காட்டினால் வெளிறச் செய்யும், −0.7 குறையுங்கள். கடற்கரை வெண்மணலும் தயிர்க் கணக்குத்தான், ஆனால் அங்கே +0.7க்கு மேல் போனால் அலை நுரையில் விவரம் எரிந்துபோகும். எரியும் இடத்தில் வரிக்கோடு காட்டும் ஸீப்ரா வசதி இருந்தால் போட்டு வையுங்கள்.

வீச்சுவலை எடுக்கிற விதம் தனி. வலை வட்டமாக விரிந்து நிற்பது கண் இமைக்கும் நேரம். ஷட்டர் 1/1000, தொடர் எடுப்பு, தொடர் ஃபோகஸ். ஃபோகஸ் புள்ளி மீனவரின் உடம்பில் இருக்கட்டும். வலையில் வைத்தால் கெமரா சொட்டும் தண்ணீரையும் பின்னாலுள்ள கரையையும் மாறி மாறித் தேடும். அவர் இடுப்பைத் திருப்பத் தொடங்கும்போதே பொத்தானை அழுத்துங்கள். கை நீண்ட பிறகு அழுத்தினால் பிந்திவிட்டது. வலை பறக்கும் திசையில் சட்டத்தின் பாதியைக் காலியாக விடுங்கள். பின்னேரம் மேற்கே பார்த்து, சூரியன் வலைக்குப் பின்னால் வரும்படி நின்றால் ஒவ்வொரு கண்ணியும் சொட்டும் தனித்தனியாக மின்னும். அதற்கு −0.7. முதலில் கேட்டுவிடுங்கள்: “அண்ணே, ஒரு படம் எடுக்கட்டா?” காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் மீனவர்களைக் “காக்கா” (அண்ணன்) என்று கூப்பிட்டால் முகம் மலரும். எடுத்ததைத் திரையில் காட்டினால் அடுத்த வீச்சை அவரே சொல்லிவிட்டு வீசுவார்.

லென்ஸின் முன்னால் மாட்டிப் பளபளப்பை வெட்டும் போலரைஸர் வில்லை ஒன்றுக்குக் காசு செலவழிக்கலாம் என்றால் அது பாசிக்குடாவுக்காக. வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான், அடியில் மணல். தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகை சரிவாகக் கீழே பார்த்து வளையத்தை மெல்லச் சுற்றினால் மேற்பரப்புப் பளபளப்பு மறைந்து அடிமணலின் வரிகள் எழுந்து வரும். வேறு இடத்தில் வீணாகும் உச்சிவெயில் இங்கே கைகொடுக்கும். போலரைஸர் ஒன்றரை முதல் இரண்டு நிறுத்தம் (ஸ்டொப்; ஒவ்வொன்றும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) வெளிச்சத்தைத் தின்னும், ஷட்டரைக் கவனியுங்கள். 16 மிமீயில் வைத்து நீலவானத்தையும் சேர்த்தால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்து அசிங்கமாக இருக்கும். 24க்கு மேல் இழுத்து எடுங்கள். வாவியில் பாலத்தின் நிழல் தண்ணீரில் விழுவதை எடுக்கும்போது போலரைஸரைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் தேடி வந்த பிம்பத்தையே அது அழித்துவிடும்.

திருவிழா இரவில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரில் எடுத்தால் சோடனையெல்லாம் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி 1/100 அல்லது 1/50 வையுங்கள். மூலஸ்தானத்தை எடுக்க வேண்டாம். மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தமாடுகிறவர்களை நெருங்கி எடுக்கவும் வேண்டாம்.

லாகுகலைப் பக்கம் யானை தென்பட்டால் 210 மிமீ போதாதுதான். அதற்காக வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். குளத்தையும் காட்டையும் சேர்த்துச் சின்ன யானையாக எடுத்தாலும் படம் நன்றாகவே இருக்கும்.

இனி உப்பும் ஈரமும். மிரர்லெஸ்ஸில் சென்சருக்கு முன்னால் கண்ணாடி (மிரர்) இல்லாததால் லென்ஸைக் கழற்றியதும் பெரும்பாலான கெமராக்களில் சென்சர் திறந்தே நிற்கும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று புழுதியோடு அடிக்கும் நாளில் வெளியில் லென்ஸ் மாற்றுவது தூசைக் கூப்பிட்டு உள்ளே விடுவதுதான். கெமராவை அணைத்து, காற்றுக்கு முதுகு கொடுத்து, வாய் கீழ்ப்பக்கமாக இருக்கப் பிடித்து மாற்றுங்கள். பின்மூடியைத் திறந்த அடுத்த லென்ஸ் முதலே மற்றக் கையில் இருக்க வேண்டும். கடற்கரையில் மாற்றவே வேண்டாம், ஓட்டோவுக்குள் ஏறி மாற்றுங்கள்.

அலைத்தூறல் பட்ட லென்ஸை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி, அதற்குப் பிறகுதான் உலர்துணி. கெமராவின் உடம்பையும் சுற்றும் சில்லுகளையும் அன்றிரவே இப்படித் துடைக்க வேண்டும். மறுநாள் என்றால் உப்பு சில்லுக்குள் இறங்கி, சுற்றும்போது நறநறக்கும். லென்ஸைக் காக்க முன்னால் மாட்டும் யூவி வில்லை தேவையா என்று ஊருக்கு ஊர் வாதம் உண்டு. இந்தக் கரையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏசி அறையில் படுத்து விடிய வெள்ளன கடற்கரைக்கு வந்தவரின் லென்ஸ் புகைபிடித்தது போல மங்கும். குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று படிவதுதான் காரணம். துடைத்தாலும் திரும்பப் படியும். இரவிலேயே பையை இறுக்கி மூடி, ஏசி படாத இடத்தில் வையுங்கள். குளியலறை வேண்டாம், அங்கே ஈரம் கூட. மறந்துவிட்டால், மூடிய பையோடு வெளியே கொண்டுவந்து அரை மணித்தியாலம் பொறுத்துத் திறவுங்கள்.

மாரியில், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, பூஞ்சணம் பெரிய பயம். தோல்பைக்குள் மாதக்கணக்காக வைத்த லென்ஸில் சிலந்திவலை போல வெள்ளை நூல் ஓடும், பிறகு கண்ணாடியின் பூச்சையே தின்னும். விலைகூடிய உலர்பெட்டி தேவையில்லை: ரப்பர் விளிம்புள்ள 10 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, துணிப்பையில் கால் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் ஜெல் களைத்துவிட்டது. நிறம் மாறும் ஜெல்லென்றால் அதுவே காட்டும். பழைய தட்டொன்றில் பரப்பி மெல்லிய சூட்டில், பழைய நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறியபின் போடுங்கள். நீலநிற வகையில் கோபால்ட் உண்டு, அந்தத் தட்டில் பிறகு சமைக்கக் கூடாது. ஜெல்லுக்குப் பதில் அரிசி போடச் சொல்வார்கள். அரிசித்தூள்தான் லென்ஸுக்குள் போகும், ஈரம் குறையாது.

பெட்டரி இரண்டு. இந்தச் சின்னக் கெமராக்கள் ஒன்றுக்கு 300, 400 படத்தோடு ஓய்ந்துவிடும். மண்டூர்–குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) நடுவாவியில் நிற்கும்போது ஒரு கோடுதான் மிச்சம் என்று காட்டினால் மாற்ற ஒன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும், தோள்பையின் அடியில் அல்ல.