எதைக் காதுக்கு விடலாம், எதைக் கண்ணால் படிக்க வேண்டும்?

தடித்த பொருளாதார நூலை வாசிப்பதா, ஒலிநூலாகக் கேட்பதா என்று மொத்தமாக முடிவு கட்டவேண்டாம். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரியுங்கள். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலின் முதல் அத்தியாயத்தில் ஒரு குண்டூசிப் பட்டறை வருகிறது: பத்துப் பேர் சேர்ந்து நாளொன்றுக்கு 48,000 ஊசி செய்கிறார்கள். கொழும்பின் 101ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்டாலும் அது மனதில் நிற்கும். அதே முதற் பாகத்தின் 11ஆம் அத்தியாயமோ வெள்ளியின் பெறுமதியைப் பற்றி நீண்டு போய், பழைய கோதுமை விலைப் பட்டியல்களில் முடிகிறது. அதை இன்னொருவர் வாசிக்கக் கேட்பது தண்டனை.

ஆகவே முதலில் அச்சுப் பிரதியையோ மின்னூலையோ கையில் எடுத்து, பொருளடக்கம் பார்த்து, அரை மணி நேரம் புரட்டுங்கள். வரலாறு, ஆட்சி மாற்றம், ஆட்களின் சண்டை வரும் இடத்தில் ‘கா’ (காதுக்கு) என்றும், அட்டவணை, வரைபடம், வரைவிலக்கணம் வரும் இடத்தில் ‘க’ (கண்ணுக்கு) என்றும் பென்சிலால் குறியுங்கள். முன்னுரையைக் கேட்டாலே போதும்.

எண்கள்தான் காதை அதிகம் ஏமாற்றுபவை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். இந்த வரியைக் கேட்டுக்கொண்டு நடந்தால், சாமான் விலை இறங்கிவிட்டது என்றே மனம் எடுத்துக்கொள்ளும். கொப்பியில் போட்டுப் பாருங்கள். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கியது ஒரு வருடத்தில் 169 ரூபாய் 80 சதமாகி, அடுத்த வருடம் ஏறத்தாழ 172க்குப் போயிருக்கிறது. குறைந்தது விலை ஏறும் வேகம் மட்டும். கண்ணால் படிப்பவர் அந்த வரியில் நின்று கணக்குப் போடுவார். ஒலிநூல் நிற்காது.

ஒலிநூலில் நிமிடத்துக்கு சுமார் 150 சொற்கள் வரும். 300 சொல் கொண்ட பக்கத்துக்கு இரண்டு நிமிடம், 600 பக்க நூலுக்கு 20 மணித்தியாலம். வேகத்தை 1.5க்கு ஏற்றி மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் திரும்பக் கேட்டே அதைச் செலவழிக்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்பதானால் 1.0ஐத் தாண்டாதீர்கள்.

காலி வீதி பஸ்ஸில் ஹோர்னும் பாட்டும் சேர்ந்தால் ‘இல்லை’, ‘தவிர’ போன்ற சின்னச் சொற்கள்தான் முதலில் தொலையும், வாதமே தலைகீழாகிவிடும். ஒலியைக் கூட்டுவதைவிட அந்த நேரத்துக்கு ‘கா’ அத்தியாயம் ஒன்றைப் போடுவது நல்லது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகிறவர்களுக்கும் இதுவே, நெரிசல் வேளையில். அடிக்குறிப்புகளைப் பல ஒலிநூல்கள் வாசிப்பதில்லை. வரைபடங்கள் தனிக் கோப்பாக வந்தால் வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள்.

ஒரே பந்தியை மூன்றாம் முறை பின்னோக்கி ஓட்டினால் நிறுத்திவிடுங்கள். அந்த நிமிடத்தையும் அங்கு வந்த ஒரு அபூர்வச் சொல்லையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டால், இரவில் அச்சுப் பிரதியின் சொல்லடைவில் அந்தப் பக்கம் அகப்படும்.