ஏ.எல். முடிந்தாச்சு, அடுத்து எந்தக் கம்பஸ்? கொழும்புப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான் ஓடும்: எந்தக் கம்பஸ் நல்லது? இப்படிக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், குழப்பம்தான் மிஞ்சும். எந்தப் பாடநெறி, முடிக்கும்வரை மொத்தம் எவ்வளவு செலவு, அந்தப் பட்டத்தை இங்கே யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டால் கம்பஸின் பெயர் தானாக வந்து நிற்கும். ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள், அம்மா அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இசட் புள்ளியையும் மாவட்டத்தையும் எழுதுங்கள்

அரச பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இரண்டு ஏ, ஒரு பீ என்ற கணக்கு அல்ல, பாடத்துக்குப் பாடம் உள்ள கடின வித்தியாசத்தைச் சரிக்கட்டிக் கணக்கிடும் இசட் புள்ளிதான். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்குமாகப் பிரிக்கப்படுகின்றன. சில பாடநெறிகளுக்கு இந்த மாவட்டக் கணக்கு கிடையாது, அகில இலங்கைத் தகுதி மட்டும்தான். மாவட்டம் என்பது பொதுவாக நீங்கள் படித்த பாடசாலை இருக்கும் மாவட்டம். அப்பாவின் ஊர் கரவெட்டி என்பதற்காக யாழ்ப்பாண வெட்டுப்புள்ளி (அந்த மாவட்டத்தில் ஒரு பாடநெறிக்கு எடுபடத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி) உங்களுக்குப் பொருந்தாது. கொழும்பில் படித்திருந்தால் கொழும்போடுதான் போட்டி, அங்கே வெட்டுப்புள்ளி உயரம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் முந்தைய வருடங்களின் வெட்டுப்புள்ளி அட்டவணைகள் இருக்கின்றன. கடைசி மூன்று வருடத்து அட்டவணைகளை எடுத்து, உங்களுக்குப் பிடித்த பாடநெறிகளுக்கு எதிரே கொழும்புப் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். சில கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக என்.கியூ.சி. என்று இருக்கும், தகுதியான விண்ணப்பதாரி இல்லை என்று பொருள். போன வருடப் புள்ளி இந்த வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை, பரீட்சைக்குப் பரீட்சை அது மாறும். ஆனாலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

2. விருப்ப வரிசையை உண்மையாகப் போடுங்கள்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்ணப்பத்தில் பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து ஒரு குறியீடாக வரிசைப்படுத்தவேண்டும். "எனக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கிடைக்காது, அதை முதலில் போட்டு ஓர் இடத்தை ஏன் வீணாக்குவது" என்று யோசித்து, கிடைக்கும் என்று நம்புகிற பாடநெறியை மேலே தூக்கிப் போடுகிறார்கள். தெரிவு நடப்பது அப்படி இல்லை. உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, உங்கள் இசட் புள்ளி போதுமாக இருக்கும் முதல் இடத்தைத் தருவார்கள். முதலாவதாகப் போட்டால் கூடுதல் புள்ளியும் இல்லை, ஐந்தாவதாகப் போட்டால் குறைவும் இல்லை. அதனால் கிடைக்காது என்று நினைக்கிற விருப்பத்தை மேலே போடுவதால் ஒரு நட்டமும் வராது. ஆனால் இரண்டாம்பட்சமான ஒன்றை மேலே போட்டுவிட்டு அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே இருந்த உங்கள் உண்மையான விருப்பத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். புள்ளி போதுமாக இருந்தும் கையை விட்டுப் போய்விடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிடைத்தாலும் போகவே மாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்த பாடநெறியைப் பட்டியலை நிரப்புவதற்காகப் போடாதீர்கள். ஒரு பாடநெறிக்குத் தெரிவாகிப் பதிவும் செய்துவிட்டால், அடுத்த வருடம் திரும்பப் பரீட்சை எழுதி வேறொன்றுக்கு விண்ணப்பிக்கும் கதவு மூடிவிடும். கட்டடக்கலை போன்ற சில பாடநெறிகளுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது. அந்த அறிவித்தலைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பிரயோசனம் இல்லை.

3. நான்கு வருடக் கணக்கைப் போடுங்கள்

எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கணிதப் பிரிவு. அவளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் கிடைத்தது, மாலபேயில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஐ.டி. படிக்கவும் அனுமதி வந்தது. வீட்டில் இரண்டு நாள் ஒரே வாக்குவாதம். "யாழ்ப்பாணம் என்றால் கம்பஸுக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில் பெரியம்மா வீட்டில் நிற்கலாம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பெரியம்மா வீட்டுக் கணக்கை அடித்துவிட்டு, விடுதி, சாப்பாடு, மாதம் ஒருமுறை வெள்ளவத்தைக்கு இரவு பஸ்ஸில் வந்துபோகிற செலவு என்று புதிதாக எழுதினோம். மாலபே பக்கத்தில் தவணைக்கட்டணம், தினமும் பஸ், மடிக்கணினி, பரீட்சைக் கட்டணம்.

நீங்களும் இப்படி ஒரு தாளை இரண்டாக மடித்து எழுதுங்கள். அரசப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, வருமானத்தைப் பொறுத்து மஹாபொல புலமைப்பரிசில் அல்லது பேர்சரி உதவித்தொகை கிடைக்கலாம், ஆனால் சீவிக்கக் காசு வேண்டும். ஒரு பேச்சுக்கு மாதம் 25,000 ரூபாய் என்று வைத்தால்கூட 48 மாதத்துக்கு 12 லட்சம். இலவசம் என்ற சொல்லை மட்டும் நம்பி இறங்கினால் இரண்டாம் வருடத்தில் திண்டாட்டம்தான்.

தனியார் பக்கத்தில் முதலில் கேட்கவேண்டியது, கட்டணம் எந்த நாணயத்தில் என்பது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் ஒரு பகுதியைப் பவுண்ஸில் கட்டச் சொல்வார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது, பவுண்ஸும் கூடவே ஏறியது. படிப்பின் நடுவில் இருந்த பிள்ளைகளின் வீடுகளில் அன்று பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இதை மறக்கமாட்டார்கள். ஆகவே இன்றைய விலையில் ஒரு கணக்கும், அந்த நாணயம் நூற்றுக்கு 30 ஏறினால் என்ன ஆகும் என்று இன்னொரு கணக்கும் போடுங்கள். இரண்டாவது கணக்கு வீட்டால் தாங்காது என்றால், ரூபாயில் கட்டணம் வாங்கும் இடத்தைத் தேடுவதுதான் புத்தி. அரசப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதவர்கள் அங்கீகாரம் பெற்ற சில தனியார் நிறுவனங்களில் படிக்க அரசின் வட்டியில்லாக் கடன் திட்டமும் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

நேரமும் செலவுதான். பெறுபேறு வந்து அரசப் பல்கலைக்கழகத்தில் முதல் விரிவுரை தொடங்குவதற்குள் பல மாதங்கள் போய்விடும். அந்த இடைவெளியில் ஆங்கிலத்தைச் சரி பண்ணுங்கள், ஏனென்றால் விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். கலைப் பாடங்களைத் தமிழிலேயே படிக்க யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை, கொழும்பு என்று வழிகள் இருக்கின்றன. கொழும்புச் சட்ட பீடத்திலும் தமிழ் மொழிமூலம் உண்டு.

4. பட்டத்தை யார் ஏற்கிறார்கள் என்று பாருங்கள்

விளம்பரத்தில் "அங்கீகரிக்கப்பட்டது" என்று போட்டிருந்தால், யாரால் என்று கேளுங்கள். தனியார் நிறுவனம் தானே பட்டம் வழங்குவதானால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் பட்டம் வழங்கும் நிறுவனமாக அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும், அதுவும் நீங்கள் சேரப்போகிற அதே பட்டத்துக்கு. நிறுவனத்தின் ஒரு பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதால் மற்றதற்கும் இருக்கிறது என்று எடுக்கமுடியாது. வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று கொழும்பு வார்ட் பிளேஸில் இருக்கும் அதன் அலுவலகத்திலேயே கேட்கலாம்.

தொழிலுக்குத் தொழில் இன்னொரு படி இருக்கிறது. பொறியியல் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அந்தப் பட்டத்தை ஏற்கவேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்தால் இலங்கை மருத்துவ சபையின் ஈ.ஆர்.பி.எம். என்கிற பதிவுப் பரீட்சையில் சித்தியடையவேண்டும். எல்.எல்.பி. என்கிற சட்டப் பட்டம் எடுத்தாலும் சட்டத்தரணியாக வருவதற்கு இலங்கைச் சட்டக் கல்லூரியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

5. நேரில் போய்ப் பாருங்கள்

திறந்த நாளுக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை போவது இன்னும் நல்லது. காலையில் உங்கள் வீட்டிலிருந்து விரிவுரை தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி பஸ் ஏறுங்கள். வெள்ளவத்தையிலிருந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தைக்குக் காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் போவது ஒரு கதை, கொள்ளுப்பிட்டியில் மாறி 177இல் மாலபே போவது வேறு கதை. நான்கு வருடம் தினமும் இதைச் செய்யமுடியுமா, மாலை ஆறரைக்கு முடிகிற ஆய்வுகூட வகுப்புக்குப் பிறகு பாதுகாப்பாக வீட்டுக்கு வரமுடியுமா என்று உடம்பே சொல்லிவிடும்.

கன்ரீனில் இரண்டாம் மூன்றாம் வருட அண்ணா அக்காமாரைப் பிடித்துப் பேசுங்கள். விரிவுரையாளர்கள் ஒழுங்காக வருகிறார்களா, போன பட்ச் குறித்த நேரத்தில் முடித்ததா, எத்தனை பேருக்குப் பயிற்சியிடம் கிடைத்தது. பகிடிவதை பற்றியும் வெட்கப்படாமல் கேளுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. பீடத்துக்குப் பீடம் நிலைமை வேறு, அதை அங்கே படிக்கிறவர்கள்தான் சொல்வார்கள்.

6. காசு கட்டுவதற்கு முன்

அரசத் தெரிவு வரும்வரை காத்திருக்கிற பிள்ளைகள் பலர் இடையில் தனியார் இடமொன்றில் சேருவது இப்போது சாதாரணம். சேருவது தவறில்லை. ஆனால் அரசத் தெரிவு வந்து விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் திகதிக்குள் சொல்லவேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டு "பிரச்சினை இல்லை அங்கிள், பார்த்துச் செய்யலாம்" என்று சொன்னால், அதையே ஒரு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். "இன்றைக்குக் கட்டினால் சலுகை" என்று அவசரப்படுத்துகிற இடத்தில், ரசீதின் பின்பக்கத்தில் இருக்கிற நிபந்தனைகளை அப்பாவோடு உட்கார்ந்து முழுதாக வாசிக்கும்வரை பணப்பையைத் திறக்காதீர்கள்.