ஸ்டீயரிங் ஆட்டம் நின்ற கதை

என் பழைய வில்லிஸ் ஜீப், வேகம் நாற்பதைத் தொட்டால் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். பார்த்தவர்கள் எல்லாம் டயரையே குறை சொன்னார்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். தம்பி பிரேக்கை மிதித்தபோதும் ஆட்டம் இருந்தது. வீல் பேரிங் ஆட்டமென்றால் பிரேக் மிதித்ததும் நின்றிருக்கும். அப்படியானால் வீல் பேரிங் அல்ல, கிங்பின், அதாவது முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு.

கழற்றினால் கிங்பின் பேரிங்கில் குழிகள். புதிது போட்டு, மேல் மூடியிலும் கீழ் மூடியிலும் ஷிம் தகடுகளை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) சமமாகக் குறைத்தேன். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசால் இழுத்து இறுக்கம் பார்க்கவேண்டும். எளிதாக நகர்ந்தால் இறுக்கம் போதாது, இன்னொரு 0.003 அங்குலத் தகடு வெளியே. பொறுமை கெடுக்கும் வேலை.

கையோடு ஜீப்பின் 6 வோல்ட் மின்சார அமைப்பை 12 ஆக்கினேன்: ஆல்டர்னேட்டர், காயில், பல்புகள் புதிது. பழைய 6 வோல்ட் ஸ்டார்ட்டர் மோட்டார் அப்படியே இருக்கிறது. முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது, நீண்டநேரம் அழுத்தக்கூடாது, அவ்வளவுதான்.