நடுக்க மாத்திரையும் புது ஊரும்: முதல் சில மாதங்களுக்கு

கை நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் புது நாட்டில் வந்து இறங்கினால், முதல் மாதத்திலேயே ஒரு குழப்பம் வரும். பகலெல்லாம் அசதி, ராத்திரி தூக்கமில்லை, விரல் நுனி சில்லிட்டுப் போகிறது, மனசு எதிலும் ஒட்டவில்லை. இதெல்லாம் ஊர் மாறியதாலா, மாத்திரையாலா? இரண்டுமே இதே வேலையைச் செய்யக்கூடியவை. மாத்திரைதான் காரணம் என்று சட்டென்று நிறுத்துகிறவர்கள் உண்டு. ஊர் பழகினால் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. நம்மவர்களில் இரண்டாவது வகைதான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

இங்கே பேசுவது எசென்ஷியல் ட்ரெமர் என்கிற நடுக்கத்தைப் பற்றி. டம்ளரைத் தூக்கும்போதும், கையெழுத்துப் போடும்போதும், பொத்தான் மாட்டும்போதும் கை ஆடும். சிலருக்குத் தலையும் குரலும்கூட ஆடும். பார்கின்சன் வேறு, அதில் பெரும்பாலும் கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் நடுங்கும். புது டாக்டரிடம் எப்போது நடுங்குகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிக் கேள்விகள் குறையும்.

இதற்கு முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் ப்ரோப்ரனோலால் அல்லது ப்ரிமிடோன். முதலாவது 1960-களில் இதய நோய்க்காக வந்தது, இரண்டாவது வலிப்புக்கான மருந்து. நடுக்கத்துக்கென்றே கண்டுபிடித்தவை அல்ல. அதனால்தான் ஒன்று நாடித் துடிப்பிலும் இன்னொன்று தூக்கக் கலக்கத்திலும் தன் வேலையைக் காட்டுகிறது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். மாத்திரை அட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயர் போகிற நாட்டில் யாருக்கும் தெரியாமல் போகலாம். மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, சாதாரண மாத்திரையா நீண்ட நேரம் வேலை செய்யும் கேப்ஸ்யூலா, எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நடுக்கத்துக்காகச் சிலருக்குத் தரும் குளோனசெபாம், அல்ப்ரசோலாம் என்கிற பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கடிதம் இல்லாமல் ஆகாது. இரண்டும் 1971-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், தூதரகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நடுக்கத்துக்கும் சிலருக்குத் தரும் வலிப்பு மருந்தான கபாபென்டினும் சில இடங்களில் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல். மாத்திரைகளை அசல் அட்டையோடு கைப்பையில் வையுங்கள். பெட்டி வந்து சேர ஒரு நாள் தாமதமானாலும் மருந்து தவறக்கூடாது.

ப்ரோப்ரனோலால் இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து. படியேறும்போதும் வேகமாக நடக்கும்போதும் துடிப்பு வழக்கம்போல ஏறாது, அதனால் கால் கனத்துப் போனமாதிரி இருக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். ‘வயசாயிடுச்சு’ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் எழுந்ததும் உட்கார்ந்தபடியே இன்னொரு கையின் இரண்டு விரலை மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். வாரத்தில் சில நாள் இப்படி எண்ணி எழுதி வைத்தால் உங்கள் வழக்கமான அளவு தெரிந்துவிடும். 50-க்குக் கீழே இறங்கினாலோ, எண்ணிக்கை குறைந்து கூடவே கிறுகிறுப்பு வந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவதும் இந்த மருந்தால் வரலாம். காலைத் தொங்கப் போட்டுச் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

குளிர்நாட்டுக்கு வந்தவர்களுக்கு இந்த மாத்திரை கூடுதலாக ஒரு தொல்லை தரும். கை கால்களுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவதால் விரல்கள் மற்றவர்களுக்கு ஆவதைவிட அதிகமாகச் சில்லிடும். விரல் நுனி வெளுத்து மரத்துப் போகிறதென்றால் வெறும் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். கையுறை மட்டும் போதாது, உடம்பு முழுக்கக் கதகதப்பாக இருக்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் அளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்று கேளுங்கள்.

தூக்கத்தையும் இது கெடுக்கும். மூளைக்குள் எளிதாகப் போகும் மருந்து என்பதால் சிலருக்கு நிஜம்போலவே தெளிவான கனவுகள் வரும், நடுராத்திரியில் விழிப்புத் தட்டும். நேர மாற்றத்தால் வரும் தூக்கக்கேடு ஒன்றிரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும். கனவு அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மாத்திரையைச் சந்தேகிக்கலாம். கடைசி வேளையைக் கொஞ்சம் முன்னதாகச் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் ப்ரோப்ரனோலால் சாப்பிடக்கூடாது, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். புது நாட்டில் கோப்பு புதிதாகத் தொடங்குவதால் சின்ன வயதில் இருந்த வீசிங்கூட அதில் ஏறாமல் போகலாம். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் இந்த மாத்திரையால் மறைந்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். அப்புறம் ஜலதோஷ மருந்து. மூக்கடைப்புக்குக் கடையில் சும்மா வாங்குகிற மாத்திரைகள் சில நடுக்கத்தைக் கூட்டும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். வாங்கும்போது நீங்கள் சாப்பிடும் மருந்தின் பெயரைப் பார்மசிஸ்டிடம் சொல்லிக் கேளுங்கள்.

ப்ரிமிடோன் வேறு ரகம். முதல் மாத்திரையே சிலரைச் சாய்த்துவிடும்: வாந்தி வருகிறமாதிரி இருக்கும், தலை சுற்றும், குடித்தவர்போல கால் பின்னும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த முதல்நாள் கூத்து பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் அடங்கிவிடும். அதனால்தான் டாக்டர்கள் 50 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை இரவில் கொடுத்து ஆரம்பித்து மெதுவாக ஏற்றுகிறார்கள். ஆரம்பிக்கிற நாளை நீங்கள் தேர்ந்தெடுங்கள் என்பேன். மறுநாள் வேலை, வீடு பார்ப்பது, வண்டி ஓட்டுவது எதுவும் இல்லாத நாளாக இருக்கட்டும். தனியாகத் தங்கியிருந்தால் அறைத்தோழரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பாத்ரூம் போகும் வழியில் இன்னும் பிரிக்காத பெட்டிகள் கிடந்தால் அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள்.

இந்த மருந்தின் ஒரு பகுதி உடம்பில் பீனோபார்பிட்டால் என்கிற, தூக்கம் வரவழைக்கும் பழைய வலிப்பு மருந்தாக மாறுகிறது. அது உடம்பை விட்டுப் போக நாள் கணக்கில் ஆகும் என்பதால் தூக்கக் கலக்கம் போகப்போகச் சேரும். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து. குடித்தால் நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கும் என்பது பலருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் ப்ரிமிடோனோடு அந்தக் கணக்கு வேண்டாம். கர்ப்பத்தடை மாத்திரை இதனால் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினின் பலமும் குறையும். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் அதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். நடுக்கத்துக்குச் சிலருக்குத் தரும் இன்னொரு வலிப்பு மருந்தான டோபிரமேட்டுக்கும் இதே பேச்சுத்தான்.

டோபிரமேட் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விரலிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்கிறமாதிரி இருக்கும், பசி குறையும், சிறுநீரகக் கல் வரலாம். இவற்றைவிடக் குழப்புவது வேறொன்று: பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் வாயில் வராமல் நின்றுவிடும். வேலைக்கான நேர்காணலில் இப்படி நடந்தால் ‘என் இங்கிலீஷ் சரியில்லை’ என்றுதான் யாருக்கும் தோன்றும். வீட்டுக்குப் போன் செய்து தமிழில் பேசும்போதும் அப்படியே தடுமாறுகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் மாத்திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். இந்த மருந்து சாப்பிடும்போது கண்ணில் திடீர் வலியோ பார்வை மங்கலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

கபாபென்டினில் மயக்கமும் கால் வீக்கமும் வரும். குளோனசெபாம், அல்ப்ரசோலாம் இரண்டும் பழக்கமாகிவிடக்கூடியவை.

இவற்றில் எதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. ப்ரோப்ரனோலாலைச் சட்டென விட்டால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலிகூட வரலாம். ப்ரிமிடோனையும் குளோனசெபாம் வகையையும் விட்டால் வலிப்பு வர வாய்ப்புண்டு. புதிதாக வந்தவர்களில் பலர் வேண்டுமென்று நிறுத்துவதில்லை. கொண்டுவந்தது தீர்ந்துபோகிறது, புது டாக்டரின் தேதி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பல நாடுகளில் நரம்பு டாக்டரைப் பார்க்க மாதங்கள் ஆகும். அதுவரை குடும்ப டாக்டரே பழைய மருந்தைத் தொடர்ந்து எழுதித் தர முடியும். வந்த முதல் வாரத்திலேயே, கையில் மாத்திரை நிறைய இருக்கும்போதே, குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துவிடுங்கள்.

அங்கே கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: மாத்திரை சாப்பிட்ட நேரம், தொல்லை வந்த நேரம், அன்றைய நாடித் துடிப்பு, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். மாத்திரைக்குப் பிறகு குறிப்பிட்ட நேரத்தில் ஒவ்வொரு நாளும் வருகிறதென்றால் டாக்டருக்கு அதுவே பெரிய தகவல். தலை சுற்றுகிறது என்று மட்டும் சொன்னால் போதாது. அறையே சுழல்கிறதா, எழும்போது கண் இருட்டுகிறதா, நடக்கையில் கால் தள்ளாடுகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள், மூன்றுக்கும் பார்க்கிற பார்வை வேறு. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தேதி வாங்கும்போதே கேளுங்கள், பல இடங்களில் இலவசமாகவே தருவார்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்தால் ஆண்மைக் குறைவு, மனச்சோர்வு போன்றவற்றைச் சொல்ல வாய் வராது. இரண்டுமே இந்த மருந்துகளால் வரக்கூடியவை, மருந்தை மாற்றினால் தீரக்கூடியவை. சாகலாம் என்கிற எண்ணம் வந்தால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசர உதவியை அழையுங்கள். மயங்கி விழுந்தாலும், மூச்சு இழுத்தாலும் அப்படித்தான். அந்த நாட்டின் அவசர எண்ணைப் போனில் பதிந்து, மருந்துப் பட்டியலைப் பர்ஸிலேயே வைத்திருங்கள்.