தொண்டைக்கு கரண்ட் வைக்கப் போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

எங்க திருநெல்வேலி பக்கம் வாதம் வந்தவங்களுக்கு பிசியோதெரபி மெஷின் போட்டா "கரண்ட் வைக்காவ"ன்னுதான் சொல்லுவாங்க, கைக்கு கரண்ட், காலுக்கு கரண்ட், இப்போ கொஞ்ச வருஷமா முழுங்க முடியாதவங்களுக்கு தொண்டைக்கும் கரண்ட். நான் பாளையங்கோட்டைல ஸ்பீச் தெரபிஸ்ட், பேச்சு மட்டுமில்ல, முழுங்க முடியாதவங்களை முழுங்க வைக்கதும் எங்க வேலைதான். புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்க என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், "அக்கா மெஷின் வாங்கிட்டேன், ட்ரெய்னிங் வேற போகணுமா?"

மொத தப்பே அதுதான், மெஷினை வாங்கிட்டு அப்புறம் ட்ரெய்னிங்க யோசிக்கது. பட்டன் அமுக்க அரைமணி நேரத்துல படிச்சுரலாம், காசு குடுத்து படிக்க வேண்டியது யாருக்கு வைக்கக்கூடாது, எங்க வைக்கக்கூடாதுங்கறத.

இத நான் பட்டுதான் தெரிஞ்சுகிட்டேன். அம்பாசமுத்திரம் பக்கத்து தாத்தா ஒருத்தர், ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மாசம், மூக்குல டியூப். மெஷின் கூட வந்த படத்தைப் பாத்து கரண்டை தோல் வழியா உள்ள விடுற நாலு பேடையும் ஒட்டினேன், ரெண்டு தாடைக்கு அடியில, ரெண்டு குரல்வளைக்கு கீழ, கரண்டை ஏத்திட்டு ஒரு மணி நேரம் படுக்க வச்சிட்டேன், அவர் பாட்டுக்கு ஃபேனைப் பாத்துகிட்டே கிடந்தாரு. மூணு வாரம் இப்படியே போச்சு, ஒரு முன்னேற்றமும் இல்ல. ஆச்சிதான் கேட்டாவ, "ஏம்மா, முழுங்க வைக்கதுக்குத்தானே இது, அவரு ஒரு தடவை கூட முழுங்கலியே"ன்னு. எனக்கு சுருக்குன்னுச்சு.

இப்பவே உங்க குரல்வளை மேல விரலை வச்சு எச்சில முழுங்கிப் பாருங்க. மேல ஏறி முன்னால வருதுல்ல, அந்த ஏத்தத்துலதான் மூச்சுக்குழாய்க்கு மூடி விழுது, உணவுக்குழாய் வாய் திறக்கு. தூக்குறது தாடைக்கு அடியில உள்ள தசைங்க. குரல்வளைக்கு கீழ தோலை ஒட்டி இருக்கிறது ஸ்டெர்னோஹயாய்ட், ஓமோஹயாய்ட், ரெண்டுமே கீழ இழுக்குற தசை, தூக்கிவிடுற தைரோஹயாய்ட் அதுக்கும் உள்ள இருக்கு. அப்போ அங்க தோல் மேல ஒட்டுன பேடோட கரண்ட் மொதல்ல எந்த தசையைப் பிடிக்கும்? 2006ல ஹம்பர்ட்டோட ஆராய்ச்சிக் குழு நோய் இல்லாதவங்களுக்கே வச்சுப் பாத்தப்போ குரல்வளை கீழதான் இறங்குச்சு, 2007ல லட்லோ குழு ரொம்ப நாளா முழுங்க முடியாத நோயாளிகள்ட்ட பாத்தப்பவும் சும்மா இருக்கும்போது ஹயாய்ட் எலும்பு, அதான் குரல்வளைக்கு மேல நாக்குக்கு அடியில இருக்கிற எலும்பு, இறங்குச்சு. கிணத்துல நாம வாளியை இழுக்கும்போது அடியில ஒருத்தன் பிடிச்சு தொங்குற மாதிரி. தெம்பு உள்ள ஆளுன்னா அந்த இழுப்பை எதிர்த்து முழுங்க முழுங்க அதுவே ஒரு பயிற்சின்னு சொல்றவங்க உண்டு, அதுல நியாயமும் இருக்கு, ஆனா முழுங்காம படுத்துக் கிடக்கிற ஆளுக்கு அதுல என்ன இருக்கு, தெம்பே இல்லாத ஆளுக்கு வச்சு சாப்பாடும் குடுத்தா புரை ஏறுறதுக்கு நாமளே வழி பண்ணிக் குடுக்கோம்.

அடுத்தது, உள்ள என்ன நடக்குன்னு பாக்காமலே ஆரம்பிக்கது. "இருமல் வரல மேடம், நல்லா இறங்குது"ன்னு வீட்டுல சொல்லுவாங்க, உணர்ச்சி போன தொண்டைல தண்ணி நுரையீரலுக்கு போனாலும் இருமல் வராது, சத்தமே இல்லாம போகும். மூக்கு வழியா கேமரா விட்டுப் பாக்கிற ஸ்கோப்போ, பேரியம் மருந்து குடுத்து எடுக்கிற எக்ஸ்ரே வீடியோவோ ஏதாவது ஒண்ணு பாத்துட்டு, எந்த தசை வேலை செய்யல, சாப்பாடு எங்க தேங்குதுன்னு தெரிஞ்ச பிறகுதான் பேடை கையில எடுக்கணும். டவுன்ல ஸ்கோப் இல்லன்னு சாக்கு சொல்லாதீங்க, ஈஎன்டி டாக்டர்ட்ட கேட்டா நிறைய பேரு செஞ்சு குடுப்பாங்க.

பேஸ்மேக்கர் இருக்கா, கழுத்துல கேன்சர் இருக்கா, வலிப்பு உண்டாங்கறதெல்லாம் மொத நாளே கேட்டு எழுதி வையுங்க. பேடை கழுத்தோட பக்கவாட்டுக்கு தள்ளிராதீங்க, அங்க கரோட்டிட் சைனஸ் இருக்கு, பிரஷரை கவனிக்கிற இடம் அது, அதைத் தூண்டிவிட்டா நாடித்துடிப்பும் பிரஷரும் இறங்கிரலாம். முட்டுவலிக்கு வாங்குன டென்ஸ் மெஷினை தொண்டைல ஒட்டுத வேலையே வேண்டாம்.

சின்ன விஷயம்னு விடுறது ஒண்ணு இருக்கு, தோல். நம்ம ஊரு பெரியவங்க கழுத்துல தேங்காண்ணெய், திருநீறு, சந்தனம், வெயில்காலத்துல வியர்வை, நாலு நாள் தாடி வேற. பேடு பாதிதான் ஒட்டும், ஒட்டுன இடத்துல மொத்த கரண்டும் கூடி சுள்ளுன்னு எரியும். துடைச்சு, ஷேவ் பண்ணி, காயவிட்டு ஒட்டுங்க.

அப்புறம் பேப்பரை மாத்திப் படிக்கது. 2018ல வந்த ஃபாஸ்ட் ட்ராக் ஆய்வைக் காட்டி "ஸ்டிமுலேஷன் வேலை செய்யுதுன்னு நிரூபிச்சாச்சு"ன்னு பேசுறாங்க, அது மூச்சு விட கழுத்துல ஓட்டை போட்ட ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கு மூக்கு வழியா குழாய் விட்டு தொண்டைக்கு உள்ளயே குடுத்த கரண்ட் ஸ்டிமுலேஷன், நம்ம பேடுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பேடு விஷயத்துல அதே 2018ல எந்த சிகிச்சைய எப்படி குடுக்கலாம்னு வழிகாட்டுற இங்கிலாந்து நைஸ் அமைப்பு சொன்னது, ஸ்ட்ரோக்குக்கு பலன் இருக்கலாம் ஆனா ஆதாரம் பத்தாது, மத்த நோய்க்கெல்லாம் ஆராய்ச்சிக்கு மட்டும் வச்சுக்கோங்கன்னு. இத வீட்டுக்காரங்கட்ட மறைக்காம சொல்லிருங்க.

தாத்தாவுக்கு அப்புறம் ஸ்கோப் பாத்து, கீழ இருந்த ரெண்டு பேடையும் எடுத்துட்டு தாடைக்கு அடியில மட்டும் வச்சு, கரண்ட் வரும்போதெல்லாம் அழுத்தி முழுங்க வச்சேன், கெட்டியான கஞ்சி ஒவ்வொரு ஸ்பூனா. டியூபை எடுத்தோம். கரண்டா, கஞ்சியா, இல்ல தானாவே தெளிஞ்சுச்சான்னு இன்னைக்கும் எனக்கு அடிச்சு சொல்ல முடியாது. டியூப் எடுத்த மறுநாளே மகன் சொதிச் சோறு கொண்டாந்துட்டான், தேங்காப்பால் தண்ணியா முன்னாடி ஓடும், சோறும் காயும் பின்னாடி வரும், இந்த மாதிரி நோயாளிக்கு அதைவிட கஷ்டமான சாப்பாடு கிடையாது. நல்லவேளை ஆச்சி எனக்கு போன் பண்ணி கேட்டாவ.

ட்ரெய்னிங் போறதா இருந்தா ஒண்ணு மட்டும் விசாரிச்சுட்டு காசு கட்டுங்க, நம்ம கழுத்துலயே ஒட்டிப் பாக்க விடுவாங்களான்னு. நான் போன இடத்துல விட்டாங்க, கரண்ட் ஏற ஏற மொத கூசுச்சு, அப்புறம் யாரோ உள்ள கை விட்டுப் பிடிக்கிற மாதிரி ஆச்சு, என் கை தானா பேடைப் பிய்க்கப் போயிருச்சு. தாத்தா மூணு வாரம் ஒரு வார்த்தை சொல்லாம ஃபேனைப் பாத்துகிட்டு கிடந்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.