முழுப் பன்றி வாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் முள்ளுக் கத்தரி போடுகிற எங்கள் செட்டு, பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாந்தோப்பில் கூடுவது வழக்கம். விதை, மருந்து, மார்க்கெட் விலை என்று பேச்சு ஒரு பக்கம் ஓடும்; ஒரு முழுப் பன்றி நெருப்பின் மேல் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் வருஷம் அதைச் சொதப்பினோம். காலை 9 மணிக்குப் பன்றியை ஏற்றிவிட்டு, 12 மணிக்குச் சாப்பாடு என்று 60 பேருக்குச் சொல்லியிருந்தோம். 12 மணிக்குப் பார்த்தால் தோல் கரிக்கட்டை. தொடையைக் கீறினால் எலும்பை ஒட்டி ரத்தம். அன்று எல்லோரும் சாப்பிட்டது சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்தான். என் மாமா ஒருவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "இன்னா மச்சான், வெந்துச்சா?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்.

கோழி சுட்ட கை பன்றியையும் சுட்டுவிடும் என்று நினைத்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். இத்தனை பெரிய உடம்பில் சூடு மெதுவாகத்தான் உள்ளே போகும். அவசரப்பட்டு நெருப்பை ஏற்றினால் மேல் தோல் மட்டும்தான் வேகம் பிடிக்கும்.

முதலில் பன்றி. பெரியதாக இருந்தால் பெருமை என்று 90 கிலோ உருப்படியைப் பிடித்துவருவார்கள். வேண்டாம். முதல்முறை செய்கிறவர்களுக்கு உயிரோடு 55 கிலோ போதும். முடி, குடல் எல்லாம் போனால் ஏறத்தாழ 40 கிலோ நிற்கும். தலை, எலும்பு, உருகி ஓடும் கொழுப்பு போகத் தட்டில் விழுகிற கறி அதில் பாதிகூட வராது. ஆளுக்குக் கால் கிலோ என்று வைத்தால் 60 பேருக்குச் சரியாக இருக்கும். பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றியாகப் பார்த்து வாங்குங்கள். சாக்கடை ஓரம் மேய்ந்ததை விலை குறைவு என்று வாங்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் யாராவது "காட்டுப்பன்றி இருக்கு, வேணுமா?" என்று காதோடு கேட்டால் அந்தப் பேச்சையே அங்கேயே விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது கேஸ். நோய்வந்து விழுந்ததைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடமும் அப்படித்தான்.

முடி எடுப்பதில் ஒரு சின்ன விஷயம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் முடி சுலபமாக வரும் என்று தோன்றும். நடப்பது வேறு. அதிகச் சூட்டில் தோல் வெந்து இறுகி முடியைக் கவ்விக்கொள்ளும். 60 முதல் 65 டிகிரி வரை இருந்தால் கத்தி பட்டதும் வழித்துக்கொண்டு வரும். மிச்சத்தை வைக்கோல் தீயில் பொசுக்கலாம். டயரைக் கொளுத்திப் பொசுக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்தத் தோலை யாரும் சாப்பிடக்கூடாது.

அடுத்ததில்தான் எங்கள் செட்டு இரண்டாம் வருஷம் மாட்டிக்கொண்டது. குழாய். போர்வெல் வேலையில் மிஞ்சிய ஜி.ஐ. பைப்பு ஒன்று ஷெட்டில் கிடந்தது. பளபளவென்று, நேராக, பன்றிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அதையே சொருகிவிட்டோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், தணலுக்கு நேரே இருந்த பகுதி மஞ்சளாகிக் கிடந்தது. ஆறினதும் அதே இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பூச்சு. அது துத்தநாகம். ஜி.ஐ. என்றாலே இரும்பின் மேல் துத்தநாக முலாம்தான். அதிகச் சூடு பட்டால் அது புகையாகும். அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல், குளிர், நெஞ்சடைப்பு வரும். வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிற தம்பி ஒருவன்தான் பார்த்ததும் ஓடிவந்து தணலைத் தள்ளச் சொன்னான். அதனால் முலாம் இல்லாத வெறும் இரும்புக் குழாயோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ எடுங்கள். கட்டுவதற்குக் கோழிக்கூண்டு வலை, வேலிக் கம்பி இரண்டும் ஆகாது, அவற்றிலும் அதே முலாம்தான். கட்டிட வேலைக்குச் செண்ட்ரிங் கம்பியைக் கட்டுகிற கறுப்புக் கட்டுக்கம்பி போதும். விலையும் குறைவு.

அந்தக் கம்பியை எங்கே கட்டுவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நாலு காலையும் குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். பச்சையாக இருக்கும்வரை அது நிற்கும். ஐந்தாறு மணி நேரம் வெந்த பிறகு கறி இளகும். குழாய் சுற்றும், பன்றி சுற்றாது. கனமான முதுகுப்பக்கம் எப்போதும் கீழேயே தொங்கி ஒரே இடம் கருகும். குழாயோடு பிடித்துக் கட்ட வேண்டியது முதுகெலும்பை. குழாயைப் பின்னால் நுழைத்து வாய் வழியாக வெளியே எடுத்த பிறகு, முதுகுத்தண்டுக்கு இரு பக்கமும் வெளியிலிருந்து துளை போட்டு, கம்பியை உள்ளே விட்டு, குழாயோடு சேர்த்து முறுக்குங்கள். சாணுக்கு ஒரு கட்டு. பட்டறையில் சொன்னால் யு போல்ட் வளைத்துத் தருவார்கள், அது இன்னும் உறுதி. கட்டி முடித்ததும் இரண்டு பேர் தூக்கி நிறுத்தி, சுற்றிப் பார்த்து, ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பாருங்கள். இதை முந்தின நாள் சாயங்காலமே செய்துவிட வேண்டும். அதிகாலை 4 மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் செய்கிற வேலை இல்லை இது.

முந்தின நாள் என்றதும் இன்னொன்று. பன்றியை ராத்திரி முழுக்க மரத்தில் தொங்கவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நம் வேலூர் வெயில் தெரிந்ததுதானே. தை மாதத்தில்கூட மதியம் வியர்க்கும். ஐஸ் கட்டிகளைப் பாலிதீன் பையில் கட்டி வயிற்றுக்குள் அடைத்து, ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள். சித்திரை, வைகாசியில் இந்த ஆசையே வேண்டாம்.

மசாலாவை எல்லோரும் தோலில்தான் அப்புவார்கள். ஆம்பூர் பிரியாணிக்கு அரைப்பது போல மிளகாயை ஊறவைத்து அரைத்து, இஞ்சி பூண்டோடு மேலெல்லாம் பூசி, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் அத்தனையும் கருகிக் கசக்கும். தோல் தடிமனானது, உள்ளே எதையும் விடாது. மசாலா முழுக்க வயிற்றுக்குள் போகட்டும்: மிளகு, சீரகம், பூண்டு, பச்சைமிளகாய், எலுமிச்சை, 40 கிலோவுக்கு அரை கிலோ கல்லுப்பு. தொடையிலும் தோளிலும் உள்பக்கமாகக் கத்தியால் குத்தி அந்தக் குழிகளில் திணியுங்கள். தோலுக்கு உப்பு மட்டும். அதுவும் தோலை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு. ஈரத்தோல் மொறுமொறுக்காது. காதும் வாலும் முதலில் கருகும், அவற்றை அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள்.

இனி நெருப்பு. பாலாற்றங்கரை முழுக்கச் சீமைக் கருவேலம்தான். விறகுக்குப் பஞ்சம் இல்லை. தணல் நின்று எரியும், சூடு நல்ல சூடு. ஆனால் பச்சையாக, புகையும் சுவாலையுமாக எரியும்போது பன்றியை மேலே வைத்தால் கறியில் காரநெடி ஏறிவிடும். எப்போதும் பக்கத்தில் தனியாக ஒரு அடுப்பு எரிய வேண்டும். அங்கே விறகு எரிந்து தணலானதும் மண்வெட்டியால் அள்ளி இங்கே கொண்டுவந்து போடுவது. பன்றிக்குக் கீழே விறகு என்ற பேச்சே கூடாது. புளிய விறகு, மா விறகு கிடைத்தால் இன்னும் நல்லது. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், தார் பூசிய கட்டை எதுவும் கூடாது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பதனிட்ட தோல் துண்டுகளை எரிபொருள் என்று எடுக்காதீர்கள், அதில் குரோமியம் இருக்கும். பைபாஸ் நடுவில் பூத்துக் கிடக்கிற அரளியை ஒடித்துக் குச்சியாகவோ விறகாகவோ போடுவதும் விஷம்தான்.

குழி தோண்டிக் கல்லைச் சூடாக்கி மூடி வேகவைக்கலாம் என்று சிலர் பார்க்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் கல்லை ஆற்றிலிருந்து எடுக்காதீர்கள். ஆற்றங்கல்லுக்குள் ஊறிய ஈரம் ஆவியாகி வழி கிடைக்காமல் கல் வெடிக்கும். சில்லு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தணலை எங்கே போடுவது? தட்டில் சோறு பரப்புவது போல ஒரே சீராகப் பரப்புவதுதான் பெரும்பாலானோர் செய்வது. பன்றியின் நடுப்பகுதி மெல்லிசு, வெறும் விலா. தோளும் தொடையும்தான் கனம். அதனால் தணலை முன்னால் ஒரு குவியல், பின்னால் ஒரு குவியல், பக்கவாட்டில் கொஞ்சம் என்று வையுங்கள். நடுவில் தணலுக்குப் பதில் ஒரு பழைய தகரத் தட்டு. கொழுப்பு சொட்டச் சொட்ட அதில் விழட்டும். நெருப்பில் விழுந்தால் சுவாலை எகிறிப் பன்றியையே பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் தண்ணீரை ஊற்றாதீர்கள், எரிகிற கொழுப்பு தெறித்து ஆளைச் சுடும். தணலை மண்வெட்டியால் விலக்கினால் போதும்.

முதலில் இரண்டரை அடி உயரம். பன்றி இருக்கிற உயரத்தில் உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். ஏழெட்டு வரை தாங்கினால் சூடு சரி. மூன்றிலேயே கையை இழுத்தால் தணலைக் குறைக்க வேண்டும். 40 கிலோவுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். இறக்கி ஆறவைக்கிற முக்கால் மணி நேரத்தையும் சேர்த்து, இரண்டு மணிச் சாப்பாட்டுக்கு விடியற்காலை 4 மணிக்குப் பன்றி நெருப்பில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். தோலை மொறுமொறுப்பாக்க வேண்டும் என்றால் கடைசி அரை மணி நேரம் மட்டும் தணலைக் கூட்டலாம். வாசனை வந்துவிட்டது, நிறம் வந்துவிட்டது என்று ஒருவர் சொல்வார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். காற்று வீசுகிற பக்கம் நாலு தகரத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் வேகாது; பொறி பறந்து கரும்புச் சோகையிலோ வைக்கோல் போரிலோ விழுந்தால் அது வேறு கதை. ஒரு குடம் தண்ணீரும் மணலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குழாயைச் சுற்றுகிறவர் பன்றி இறங்கும்வரை பாட்டிலைத் தொடக்கூடாது. இதை எங்கள் செட்டில் சொல்லிப் பல பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், பரவாயில்லை.

வெந்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கம்பி தெர்மாமீட்டர் கிடைக்கிறது. எலும்பில் முட்டாமல் தொடையின் நடுவில் குத்துங்கள். 74 டிகிரி காட்டினால் பயமில்லை. தோள் கறி 85ஐத் தாண்டினால்தான் நார் நாராகப் பிரியும். புகையில் வெந்த கறி முழுதாக வெந்த பிறகும் ஓரத்தில் இளஞ்சிவப்பாக இருக்கலாம். அதைப் பார்த்து மிரளவும் வேண்டாம், வெளுத்திருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம்.

இங்கேதான் முன்னால் சொன்ன சாக்கடைப் பன்றி விஷயம். வெட்டும்போது நாக்கின் அடியிலும் தோள் சதையிலும் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை முத்துகள் தெரிந்தால் அந்தப் பன்றியை முழுசாகப் புதைத்துவிடுங்கள். அது நாடாப்புழுவின் கூடு. வேகாத அந்தக் கறியைத் தின்றவர் குடலில் புழு வளரும். மூளைக்குப் போய் வலிப்பு வரவைப்பது இன்னொரு வழி: புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவோ அசுத்தத் தண்ணீர் வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போவது. வேலூர் மாவட்டத்திலேயே சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தக் கூடுதான் காரணம் என்று கண்டார்கள். பன்றிக்கறியையே தொடாதவருக்கும் இது வரும். ஆகவே கறியை வேகவைப்பதில் இருக்கிற கவனம் வெங்காயப் பச்சடியிலும் இருக்க வேண்டும். கிணற்றடியில் ஒரு சோப்பு வையுங்கள், பச்சடி நறுக்குகிறவர் முதலில் கை கழுவட்டும். பச்சைக்கறி வெட்டிய கத்தியும் பலகையும் அந்தப் பக்கமே போகக்கூடாது.

இறக்கியதும் வெட்டாதீர்கள், முக்கால் மணி நேரம் ஆறட்டும். அந்த நேரத்துக்கு வேகவைத்த மல்லாட்டை (நிலக்கடலை) ஒரு கூடை இருந்தால் யாரும் கத்தியைத் தேட மாட்டார்கள்.

கூடுகிறவர்களில் பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முஸ்லிம் நண்பர்கள் இருப்பார்கள். சைவமும் இருப்பார்கள். பன்றி என்பதை அழைக்கும்போதே சொல்லுங்கள். வந்தபிறகு தெரிந்தால் அது அவமானம். அவர்களுக்கு அடுப்பு, பாத்திரம், கரண்டி, பரிமாறுகிற ஆள் எல்லாமே தனி, அதுவும் புகை போகாத, காற்று வருகிற பக்கம். வீட்டில் சொல்லாமல் சாப்பிட வருகிறவர்களும் உண்டு. அவர்களைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

குடல், ரத்தம், பச்சைக் கழிவை ஓடையில் வீசாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது, ஆனால் நோய் இருந்த பன்றியின் கழிவைத் தின்கிற அடுத்த ஊர்ப் பன்றிக்கு வரும். நாய் கிளறாத ஆழத்தில் புதையுங்கள். மிஞ்சிய கறியை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். தலையும் விலா எலும்பும் என் வீட்டுக்கு வரும். மறுநாள் காலை முள்ளுக் கத்தரியை நாலாகக் கீறிப் போட்டு, மிளகைத் தட்டி, என் மனைவி வைக்கிற எலும்புக் குழம்புக்கு அந்த மாமா 7 மணிக்கே வாசலில் நிற்பார்.