கோடை வானிலை அறிக்கையை நம் ஊர்க் கணக்கில் படிப்பது எப்படி?

ஏப்ரல் பிறந்துவிட்டால் செய்தியில் இந்த வரி வராத வாரம் இருக்காது: "கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழைக்கு வாய்ப்பு." இதைக் கேட்டதும் மாந்தோப்புக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். மழை வராவிட்டால் அறிக்கை பொய் என்று திட்டுவோம். ஆனால் அந்த வரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு இருக்கிறது, அது தெரிந்துவிட்டால் அதே அறிக்கை உங்கள் தோப்புக்கு உபயோகப்படும்.

முதலில் இடம். "ஓரிரு இடங்கள்" என்றால் மழைமானி இருக்கும் இடங்களில் அதிகபட்சம் கால்வாசியில்தான் மழை பதிவாகும் என்று பொருள். "ஒருசில இடங்கள்" என்றால் பாதி வரை, "அநேக இடங்கள்" என்றால் முக்கால்வாசி வரை, "பெரும்பாலான இடங்கள்" அதற்கும் மேல். ஆகவே ஓரிரு இடங்கள் என்று வந்தால் நாலு ஊரில் மூன்று ஊர் காயத்தான் போகிறது, அந்த மூன்றில் உங்கள் ஊரும் ஒன்று என்று வைத்துக்கொண்டு வழக்கம்போல் பாசனம் செய்யுங்கள். அநேக இடங்கள் என்று வந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது அளவு. லேசான மழை என்பது 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை. மிதமான மழை 15.6-இல் தொடங்கி 64.4 வரை போகிறது, அது ரொம்பப் பெரிய இடைவெளி. 64.5-ஐத் தாண்டினால்தான் கனமழை, 204.4-க்கு மேல் போனால் அதி கனமழை. (2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அதாவது 500 மில்லிமீட்டர் கொட்டியதை இந்த அளவோடு வைத்துப் பாருங்கள்.) ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். கேட்க நிறையத் தெரிந்தாலும், கொதிக்கிற மண்ணில் 3 மில்லிமீட்டர் பெய்தால் மேல் மண் நனைந்து மறுநாள் மதியத்துக்குள் காய்ந்துவிடும், வேருக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதனால் தோப்பில் ஒரு மழைமானி வையுங்கள், விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக நேராக இருக்கும் டப்பா ஒன்றை மரத்தடியில் இல்லாமல் வெட்டவெளியில் நிறுத்தி, காலை 8.30-க்கு உள்ளே இருக்கும் தண்ணீரை ஸ்கேல் விட்டு அளந்தால் போதும். வானிலை ஆய்வு மையமும் முந்தைய 24 மணி நேர மழையை அந்த நேரத்தில்தான் கணக்கிடுகிறது, எனவே உங்கள் கணக்கையும் அவர்கள் கணக்கையும் அப்படியே ஒப்பிடலாம்.

வெயிலுக்கு வருவோம். போனில் "கிருஷ்ணகிரி" என்று போட்டால் ஒரு எண் காட்டும், அதை மாவட்டம் முழுக்க எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓசூர், தளி பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி நகரம் சுமார் 500 மீட்டர்தான். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் பொதுவாக ஆறரை டிகிரி குறையும் என்பதால் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவிலேயே இரண்டரை, மூன்று டிகிரி வித்தியாசம் வந்துவிடும். ஊத்தங்கரை, அரூர் பக்கம் இன்னும் தாழ்வு, அங்கே இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கத்திரி மே 4 வாக்கில்தான் தொடங்குகிறது என்று ஏப்ரலில் அசட்டையாக இருக்கவும் வேண்டாம், நம் மாவட்டங்களில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதே ஏப்ரல் 23-ஐ ஒட்டிய நாட்களில்தான். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, அதுவும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால், அல்லது நேராக 45 டிகிரியை எட்டினால்தான் வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். அறிவிப்பு வரவில்லை என்றாலும் 39 டிகிரியில் மதியம் 12 மணிக்கு ஆளை வைத்துக் காய் பறிக்கச் சொல்வது தவறு, விடியலில் தொடங்கி பத்து பத்தரைக்குள் முடித்துவிடுங்கள்.

பிப்ரவரி கடைசியில் மார்ச் முதல் மே வரைக்கும், மார்ச் கடைசியில் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் வரும் பருவ முன்கணிப்பை வைத்து நாள் குறிக்க முடியாது. இயல்பைவிட வெயில் கூடும் வாய்ப்பு அதிகம் என்றிருந்தால் மூடாக்குக்குச் சருகு சேர்ப்பது, சொட்டுநீர்க் குழாயைச் சரிபார்ப்பது, லாரித் தண்ணீருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது மாதிரியான வேலைகளுக்கு உதவும். மருந்தடிக்கவும் பறிக்கவும் நாள் பார்க்க விவசாயிகளுக்கான மேகதூத் வானிலைச் செயலியில் வரும் ஐந்து நாள் முன்னறிவிப்பு போதும்.

கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணைப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரி பெரிதாக இருப்பதால் அங்கே மழை கூடுதலாகப் பெய்துவிடாது, அணையின் தண்ணீர் தென்பெண்ணையில் வருவது. நந்தி மலைப் பக்கமும் பெங்களூரைச் சுற்றியும் கோடை மழை பலமாகப் பெய்தால் முதலில் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கும், அப்புறம் இங்கேயும் நீர்வரத்து கூடும். அதனால் நம் ஊர் வானம் தெளிவாக இருந்தாலும் பெங்களூர் மழைச் செய்தியைப் பாருங்கள், ஆற்றோரம் மோட்டார் வைத்திருப்பவர்கள் முக்கியமாக. நீர்மட்டத்தை 52 அடி முழு மட்டத்தோடு ஒப்பிடும்போது, 26 அடி இருந்தால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். அணை கீழே போகப் போகக் குறுகுவதால் இருப்பு பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும்.

கடைசியாக அன்றன்றைய வானம். கோடை மழை நம் பக்கம் பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்கு மேல்தான். ஒரு மணி வாக்கில் மேகம் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கூர்மையாக மேலே வளர்ந்துகொண்டே போய், அப்புறம் உச்சி தட்டையாக விரிந்தால் அது இடிமேகம் ஆகிவிட்டது. அதன் அடியிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கி, மழைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். பெங்களூரா ரக மாங்காய்களைக் கொத்தாக உதிர்ப்பது பெரும்பாலும் இந்தக் காற்றுதான். அறிக்கையில் "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று" என்று பார்த்தால் முற்றிய காய்களைக் காலையிலேயே காம்போடு பறித்துவிடுங்கள், கனத்த கிளைக்கு முட்டுக் கொடுங்கள்.

மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் இடி பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது மரத்தடியிலோ பம்புசெட்டை ஒட்டியோ நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். தாமினி செயலி 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும், தோப்பில் வேலை செய்கிற ஒவ்வொருவர் போனிலும் அது இருக்கட்டும்.

ஆலங்கட்டி விழுந்திருந்தால் உதிர்ந்த காய்களை அன்றைக்கே பொறுக்குங்கள். அடிபட்ட காயை நல்ல காயோடு ஒரே கிரேட்டில் போட்டால் இரண்டும் அழுகும். விற்க முடியாததைத் தோப்பிலேயே விடாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள், இல்லையென்றால் பழ ஈ அதில் பெருகி மரத்தில் இருக்கும் காய்க்கு வரும்.